பூச்சி மாத்திரை கொடுத்தும் ராத்திரி அரிப்பு ஏன்?

போன மாதம் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். ராத்திரி ஒரு மணி இருக்கும். அக்காவின் ஆறு வயது மகள் தூக்கத்திலிருந்து எழுந்து அழ ஆரம்பித்துவிட்டாள். ஆசனவாயில் ஒரே அரிப்பு.

"ஸ்கூல்லதான் பூச்சி மாத்திரை கொடுத்தாங்களே!" என்றாள் அக்கா. "சாக்லேட்டை நிறுத்துன்னா கேக்குறியா? நாலு நாள் வேப்பங்கொழுந்து அரைச்சுக் கொடு" என்றார் அம்மா. இருவர் பேச்சிலும் பாதிதான் உண்மை.

பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 தேதிகளை ஒட்டி பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் தருவது அல்பெண்டசோல் மாத்திரை. 1 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கான இந்தத் திட்டம் 2015-ல் தொடங்கியது. இதன் முக்கியக் குறி, மண் வழியாகப் பரவும் உருளைப்புழு, சாட்டைப்புழு, கொக்கிப்புழு ஆகிய மூன்றும்தான். வெறுங்காலோடு நடக்கும்போது தோல் வழியாக நுழையும் கொக்கிப்புழு, குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தத்தை உறிஞ்சும். குழந்தை வெளுத்துப்போவதற்கு இதுவும் ஒரு காரணம். அதனால் அந்த மாத்திரையைத் தவறவிடாதீர்கள்.

ஆனால், ராத்திரி அரிப்புக்குக் காரணம் பெரும்பாலும் கீரிப்பூச்சி. வெள்ளை நூல் துண்டு போல இருக்கும். குழந்தை தூங்கியதும் பெண் புழு வெளியே வந்து ஆசனவாயைச் சுற்றி முட்டையிடும். குழந்தை சொறியும்போது முட்டைகள் நகத்துக்குள் போகும், அங்கிருந்து வாய்க்குப் போகும். படுக்கை விரிப்பிலும் துணியிலும் இரண்டு, மூன்று வாரங்கள் வரைகூட அவை உயிரோடு இருக்கும்.

மாத்திரை புழுவைக் கொல்லும், முட்டையை ஒன்றும் செய்யாது. அதனால்தான் இரண்டு வாரம் கழித்து இன்னொரு டோஸ். வீட்டில் இருப்பவர்களும் அதே நாளில் சாப்பிட வேண்டும். அக்கா வீட்டில் இரண்டுமே நடக்கவில்லை. மருந்தையும் அளவையும் டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இப்போது அம்மா பக்கம். ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதை கிருமிக்கு மூன்று படிகள் சொல்கிறது. முதலில், புழுவை வெளியேற்றுவது. அடுத்து, கசப்பு, காரம் கொடுத்து அது வாழ முடியாதபடி குடலை மாற்றுவது. வேம்பும் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் வாய்விடங்கமும் ஆயுர்வேதத்தில் கிருமிக்குச் சொல்லப்படுபவை. மூன்றாவது, நோய் வந்த காரணத்தையே விலக்குவது. நாம் வேப்பங்கொழுந்தோடு நிறுத்திக்கொள்கிறோம்!

காரணம் எது என்பதில்தான் இரண்டு மருத்துவமும் மோதுகின்றன. இனிப்பையும் ஒரு காரணமாகச் சொல்கிறது ஆயுர்வேதம். முட்டையோ புழுக்குஞ்சோ உடலுக்குள் போகாமல் பூச்சி வராது என்கிறது நவீன மருத்துவம். இந்த ஒரு விஷயத்தில் என் ஓட்டு டாக்டருக்குத்தான். கழுவாத கையால் எடுத்துத் தின்ற சாக்லேட் என்றால் கதை வேறு.

வாய்விடங்கம் கொடுப்பதென்றாலும் ஆயுர்வேத மருத்துவரிடம் அளவு கேட்டுக் கொடுங்கள். பேதிக்கு விளக்கெண்ணெய் ஊற்றுவது மட்டும் வேண்டவே வேண்டாம். சின்ன உடம்பில் நீர்ச்சத்து சீக்கிரம் வற்றிவிடும்.

நகத்தை ஒட்ட வெட்டுங்கள். காலையில் எழுந்ததும் குளிப்பாட்டி, ஜட்டியை மாற்றிவிடுங்கள். விரிப்புகளை உதறாமல் சுருட்டி எடுத்து வெந்நீரில் துவையுங்கள். உதறினால் முட்டைகள் அறை முழுக்கப் பரவும்.

டாக்டரைப் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் எல்லோரும் மாத்திரை போட்டார்கள். இரண்டு வாரம் கழித்து வரும் ஞாயிறைக் காலண்டரில் வட்டம் போட்டிருக்கிறாள். பேத்திக்கு நகம் வெட்டிவிடும் வேலை அம்மாவுடையது. வெட்டும்போதெல்லாம் சாக்லேட்டைத் திட்டிக்கொண்டேதான் வெட்டுகிறார்.