விசில் ஊதினால் போதுமா?

"டிரில் மாஸ்டர் வேலைக்குப் படிப்பு எதற்கு? விசில் ஊதத் தெரிந்தால் போதாதா?" என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு.

போதாது!

1920-ம் ஆண்டிலேயே ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர், இந்த ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கச் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். நந்தனத்தில் அது இன்றும் நடக்கிறது.

இப்போது பி.பி.எட். பட்டம் பெற, ஒரு பட்டப் படிப்பை முடித்த பிறகு 2 ஆண்டு பயில வேண்டும். மைதானத்தில் ஓட்டம், கபடி, யோகாசனம். வகுப்பறையில் எலும்பு, தசை, இதயம் பற்றிய பாடங்கள். முதலுதவியும் சுகாதாரமும் கற்க வேண்டும். பள்ளிக்குச் சென்று பாடம் நடத்தியும் பழக வேண்டும்.

ஏன் இவ்வளவு? ஓடி வந்த சிறுவன் மயங்கி விழுகிறான். காரணம் வெயிலா, பசியா, நோயா? அந்த நிமிடம் பக்கத்தில் இருப்பவர் டாக்டர் அல்ல, இந்த ஆசிரியர்தான்!

இப்படிப் பயின்று வந்தவரை நாம் என்ன செய்கிறோம்? பரீட்சை நெருங்கினால் அவருடைய வகுப்பைக் கணக்குப் பாடத்துக்குக் கொடுத்துவிடுகிறோம்! 5 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகள் தினமும் சராசரியாக 60 நிமிடமாவது ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த நேரத்தைப் பறித்தால், நஷ்டம் ஆசிரியருக்கு அல்ல; நம் பிள்ளைக்கு!

பெற்றோர்களே! பள்ளிக்குப் போனால் மார்க்கை மட்டும் விசாரிக்காதீர்கள். "என் பிள்ளை இந்த வாரம் எத்தனை நாள் விளையாடினான்?" என்றும் கேளுங்கள்.

உங்கள் மகனோ மகளோ இந்தப் படிப்புக்குப் போக ஆசைப்பட்டால், தடுக்காதீர்கள். அதுவும் வாத்தியார் வேலைதான்!