சீருடைக்குக் கேட்ட விலை



சென்ற மாதம் விசுவாசி ஒருவருடைய இல்லத்திற்குக் குடும்ப ஜெபம் நடத்தச் சென்றிருந்தேன். அவ்வீட்டுப் பிள்ளைகள் கார்ட்டூன் படம் ஒன்றை அப்பொழுதுதான் ஆரம்பித்திருந்தார்கள். தகப்பனார் பதறியெழுந்து அதை நிறுத்தப் போனார். "முடியட்டும் தம்பி, நானும் பார்க்கிறேன்" என்று சொல்லிப் பிள்ளைகளோடு அமர்ந்தேன். அரைமணி நேரத்திற்கும் குறைவான படம்தான். ஆனால் அன்று நான் ஆயத்தம்பண்ணிக்கொண்டு போயிருந்த செய்தியை விட்டுவிட்டு, வேறொரு வேதபகுதியைத் திறக்க வேண்டியதாயிற்று.

அப்படத்தின் பெயர் 'சார்லி பிரவுன்ஸ் ஆல் ஸ்டார்ஸ்'. சார்ல்ஸ் ஷூல்ஸ் என்ற அமெரிக்க ஓவியர் 1950-ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் செய்தித்தாள்களில் வரைந்து வந்த 'பீனட்ஸ்' என்னும் படக்கதையின் பாத்திரங்களைக் கொண்டு எடுக்கப்பட்டது. 1966 ஜூன் 8 அன்று அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் முதன்முதலாக ஒளிபரப்பானது. ஷூல்ஸ் எழுத, பில் மெலெண்டஸ் இயக்கினார். இதே குழுவினர் 1965 டிசம்பரில் அளித்த கிறிஸ்துமஸ் படத்தில்தான், லைனஸ் என்னும் சிறுவன் மேடையில் நின்று லூக்கா இரண்டாம் அதிகாரத்திலிருந்து இரட்சகரின் பிறப்பைச் சொல்லுவான். உடன் உழைத்தவர்கள் தயங்கியபோதும், அந்தப் பகுதி இருந்தே தீர வேண்டும் என்று ஷூல்ஸ் உறுதியாய் நின்றார். அதற்கடுத்து வந்த இந்தப் படமோ ஒரு விளையாட்டுக் கதை. ஆயினும் அதற்குள்ளும் நமக்கு ஒரு செய்தி உண்டு.

சார்லி பிரவுன் என்னும் சிறுவன் ஒரு பேஸ்பால் அணிக்குத் தலைவன். அந்த அணியில் லூசி முதலிய பெண்பிள்ளைகள் உண்டு. ஸ்நூப்பி என்னும் அவனுடைய நாயும் உண்டு. பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே 123-க்கு 0 என்ற கணக்கில் தோற்கிறார்கள். "இனி உன்னோடு விளையாட மாட்டோம்" என்று எல்லாரும் விலகிப் போகிறார்கள். அவ்வேளையில் ஹென்னெஸி என்ற பெரியவரிடமிருந்து தொலைபேசி அழைப்பு வருகிறது. அணிக்குச் சீருடை தருவதாகவும், ஒழுங்கான லீக் போட்டிகளில் சேர்த்துக்கொள்வதாகவும் சொல்லுகிறார். சீருடை என்றதும் போனவர்கள் திரும்பி வருகிறார்கள்; தோற்றவன் ஒரே நாளில் தலைவனாகிறான்.

பிறகுதான் நிபந்தனை வருகிறது. அந்த லீக்கில் பெண்பிள்ளைகளுக்கும் நாய்களுக்கும் இடமில்லை.

சார்லி பிரவுன் தயங்கவில்லை. அந்தச் சீருடை தேவையில்லை என்று சொல்லிவிடுகிறான். ஆனால் காரணத்தை அவர்களிடம் சொல்லவில்லை. அடுத்த ஆட்டத்தில் வெற்றி பெற்றால் ஏமாற்றத்தின் வலி குறையும் என்று காத்திருக்கிறான். அந்த ஆட்டமோ கடைசித் தருணத்தில் அவனாலேயே தோல்வியில் முடிகிறது. தோல்விக்குமேல், சீருடையும் இல்லை என்று அறிந்த பெண்பிள்ளைகளும் நாயும் கோபத்தோடு அவனைப் பழிக்கிறார்கள். யாருக்காக இழந்தானோ அவர்களே பழிக்கிறார்கள். அவனோ வாய்திறக்கவில்லை.

இது வெறும் கற்பனை நிபந்தனை அல்ல. நியூயார்க் மாநிலத்தின் கார்னிங் நகரில் 1950-ஆம் ஆண்டு கேத்ரின் ஜான்ஸ்டன் என்ற சிறுமி, தலைமுடியை வெட்டி, ஆண்பிள்ளையைப் போல வேறு பெயரில் 'லிட்டில் லீக்' அணியில் சேர்ந்து விளையாடினாள். அடுத்த ஆண்டே பெண்பிள்ளைகளைச் சேர்க்கக் கூடாதென்று அவ்வமைப்பு விதி வகுத்தது. நியூஜெர்சியின் ஹோபோக்கன் நகரில் 1972-ல் மரியா பெப்பே என்ற சிறுமி மூன்று ஆட்டங்கள் ஆடியபின் நீக்கப்பட்டாள். வழக்கு எழுந்தது, தீர்ப்பு பெண்பிள்ளைகளுக்குச் சாதகமாய் வந்தது, 1974-ல் அவ்விதி மாற்றப்பட்டது. ஆகவே 1966-ல் அமெரிக்கப் பிள்ளைகள் இந்தப் படத்தைப் பார்த்தபோது, அந்தக் கதவு உண்மையிலேயே அடைபட்டிருந்தது.

அன்று அந்த வீட்டில் நான் திறந்த பகுதி யாத்திராகமம் 10-ஆம் அதிகாரம். பார்வோன் மோசேயிடம் பேரம் பேசுகிறான். முதலில், ஆண்கள் மாத்திரம் போய் ஆராதியுங்கள் என்கிறான் (10:11). பிறகு, பிள்ளைகளும் போகட்டும், ஆடுமாடுகள் மாத்திரம் இங்கே நிற்கட்டும் என்கிறான் (10:24). பெண்பிள்ளைகள் வேண்டாம், மிருகங்கள் வேண்டாம்! நிபந்தனை எவ்வளவு பழையது பாருங்கள். மோசேயின் பதில் தெளிவானது. இளைஞரும் முதியோரும், குமாரரும் குமாரத்திகளும் போக வேண்டும் (10:9). மந்தையில் ஒரு குளம்பைக்கூட எகிப்தில் விட்டுச்செல்ல முடியாது (10:26). விடுதலை கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. ஆனாலும் யாரையாவது விட்டுவிட்டுப் பெறும் விடுதலையை அவர் விடுதலையாக எண்ணவில்லை.

படத்தை எழுதியவருக்கும் இப்படியொரு சோதனை வந்தது. 1968 ஜூலையில் ஷூல்ஸ், பிராங்க்ளின் என்ற கறுப்பினச் சிறுவனைத் தம் படக்கதையில் சேர்த்தார். கறுப்பினப் பிள்ளையும் வெள்ளையினப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் அமர்ந்திருப்பதைக் காட்ட வேண்டாமென்று ஆட்சேபனை எழுந்தது. நிறுவனத்தார் மாற்றம் வேண்டியபோது, வரைந்தபடியே வெளியிடுங்கள், இல்லையேல் நான் விலகிக்கொள்கிறேன் என்று சொன்னதாகப் பின்னாளில் அவரே பேட்டியில் கூறினார். சார்லி பிரவுனை எழுதிய கை, தன் வேளை வந்தபோது பின்வாங்கவில்லை.

பிரியமானவர்களே, நான் பின்வாங்கினேன். அதை இங்கே எழுதாமல் இந்தச் செய்தியை முடிக்க என் மனச்சாட்சி இடங்கொடுக்கவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆண்டுவிழாவில் அணியப் புதுச் சட்டைகள் வாங்கித் தருவதாக ஒரு சகோதரர் முன்வந்தார். ஊரைவிட்டுப் பிழைப்புக்காக இந்த மாநகருக்கு வந்த குடும்பங்கள். நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்க்கும் தாய்மார்கள். நான் மகிழ்ந்தேன். "மேடையில் ஒழுங்காய்ப் பாடக்கூடிய பிள்ளைகள் மாத்திரம் நிற்கட்டும் பாஸ்டர், புகைப்படம் அழகாய் வர வேண்டும்" என்றார். எங்களிடம் பேச்சுத் திக்கும் ஒரு பையன் இருந்தான். கை அசைவுகளும் மற்றவர்களுக்குப் பிந்தியே வரும். நான் மறுத்துப் பேசவில்லை. விழாவில் அவன் கடைசி வரிசையில் தாயின் அருகே அமர்ந்திருந்தான். புகைப்படம் அழகாய்த்தான் வந்தது.

மூன்று வாரம் அவர்கள் ஆராதனைக்கு வரவில்லை. தேடிப் போனேன். அந்தத் தாய் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. வாசலிலேயே மெதுவாய், "அவன் அளவுக்குச் சட்டை வரலைன்னு சொல்லி வெச்சிருக்கேன் ஐயா. நீங்களும் அப்படியே சொல்லிடுங்க" என்றார். மகன் தன் மேய்ப்பனை வெறுக்காதபடி, என் குற்றத்தை அவர் மூடியிருந்தார். நான் அப்படிச் சொல்லவில்லை. அந்தப் பையனிடம் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். மறு ஆண்டு எங்கள் பிள்ளைகள் யாவரும் வீட்டில் இருந்த உடையிலேயே மேடையேறினார்கள். அவன் முன்வரிசையில் நின்றான்.

கதையின் முடிவுக்கு வருகிறேன். லைனஸ் பொறுக்கமாட்டாமல் உண்மையை வெளிப்படுத்துகிறான். தலைகுனிந்த பிள்ளைகள் தங்கள் தலைவனுக்குத் தாங்களே ஒரு சீருடை தைக்கிறார்கள். துணி எங்கிருந்து? லைனஸ் எப்பொழுதும் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கும் போர்வையிலிருந்து! மனஸ்தாபப்பட்டவர்கள் மற்றவனுடைய பொருளை வெட்டிக் கொடுத்தார்களே என்று பிள்ளைகளோடு நானும் சிரித்தேன். கடைசிக் காட்சியில் மழை பெய்கிறது. சார்லி பிரவுன் அந்தச் சட்டையோடு மைதானத்தில் நிற்கிறான். லைனஸ் அதன் ஓரத்தைப் பற்றிக்கொண்டு விரல் சூப்பியபடி நிற்கிறான். லீக் இல்லை, வெற்றி இல்லை. ஆனால் அணியைவிட்டு ஒருவரும் தள்ளப்படவில்லை.

நம்முடைய ஆண்டவர் நம்மைச் சகோதரரென்று சொல்ல வெட்கப்படவில்லை (எபி. 2:11). பழி சுமத்தப்பட்டபோது அவர் தம் வாயைத் திறக்கவில்லை (ஏசா. 53:7). நம்மைத் தள்ளிவிட்டு அவர் எந்த மகிமையையும் தெரிந்துகொள்ளவில்லை.

இந்த மாநகரில் நமக்கும் சீருடைகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. பெரிய வீடு கிடைக்கிறது. ஊரிலிருந்து வந்த தாயாருக்கு அதில் அறை இல்லை. நல்ல சம்பந்தம் அமைகிறது. ஏழைச் சித்தப்பா திருமணத்தில் முன்னே நிற்கக் கூடாது. சபைக்கு வசதியான மண்டபம் கிடைக்கிறது. குடிசைப்பகுதிப் பிள்ளைகளை அழைத்து வரக் கூடாது. கையெழுத்திடுமுன் ஒரு நிமிடம் நின்று, இதற்காக நான் யாரை விட்டுவிட வேண்டும் என்று கேளுங்கள். ஒரு பெயராகிலும் நினைவுக்கு வந்தால், அந்தச் சீருடை நமக்கு வேண்டாம்.

நம்மை ஒருவரையும் புறம்பே தள்ளாத கர்த்தர்தாமே, அப்படி மறுக்கும் பெலனை உங்களுக்கும் எனக்கும் தந்தருளுவாராக. ஆமென்.