குறிப்பேடு பகர்ந்த சாட்சி

மகப்பேறு வாய்க்காத குறையைப் பெண்ணின் தலையிலேயே சுமத்தி, மங்கல வைபவங்களில் அவளை ஒதுக்கிவைக்கும் வழக்கம் நம் சமூகத்தில் நெடுங்காலம் நிலவியது. இன்றும் அது முற்றாக மறைந்துவிட்டதெனக் கூறுவதற்கில்லை. அக்குறைக்கு ஆண், பெண் இருபாலார் உடலிலும் காரணங்கள் இருத்தல் கூடும் என்பதை மருத்துவ விஞ்ஞானம் தெளிவுபடுத்தியுள்ளது. அவற்றுள் ஓமோன்களின் கோளாறும் ஒன்று.

இத்துறையில் உழைத்த ஒருவரைப் பேராதனை மருத்துவ பீடத்தை இலட்சியமாகக் கொண்டு படிக்கும் நம் கண்டி மாணவர்கள் அறிந்திருத்தல் நன்று. அவரே கல்கத்தாவைச் சேர்ந்த வைத்தியர் சுபாஷ் முகர்ஜி. 1931இல் பிறந்த அவர், 1967இல் எடின்பரோ சர்வகலாசாலையில் இனப்பெருக்க ஓமோன்கள் பற்றி ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றார். தாயகம் திரும்பி மருத்துவக் கல்லூரிப் பேராசிரியராகப் பணிபுரிந்தார்.

1978 யூலை 25இல் உலகின் முதற் பரிசோதனைக்குழாய்க் குழந்தை இங்கிலாந்திற் பிறந்தது. எழுபது நாட்கள் கழித்து, ஒக்டோபர் 3இல், முகர்ஜி குழுவினரின் முயற்சியால் கல்கத்தாவில் ஒரு பெண்மகவு பிறந்தது. ஓமோன் மருந்தினாற் பல முட்டைகளை ஒருங்கே முதிரச்செய்து, கருவை உறைநிலையிற் பேணிப் பின்னர் தாயின் கருப்பையில் வைத்தமை அவர் முறையின் சிறப்பாகும். இவ்விரண்டும் இன்று உலகெங்கும் கையாளப்படுகின்றன.

ஆயினும், மேற்கு வங்க அரசு நியமித்த விசாரணைக் குழு அவர் கூற்றை ஏற்கவில்லை. ஆதாரம் கேட்டது தவறன்று. ஆதாரம் கேட்பதே விஞ்ஞானத்தின் இயல்பு. அத்துறையிற் பயிற்சியற்றோர் தீர்ப்பளித்ததே தவறு. யப்பான் சென்று தம் ஆய்வை எடுத்துரைக்கவும் அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. 1981இல் கண் மருத்துவ நிலையமொன்றுக்கு மாற்றப்பட்டார். அவ்வாண்டு யூன் 19இல், மனமுடைந்த நிலையில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

1986இல் பம்பாயிற் பிறந்த குழந்தையே இந்தியாவின் முதற் பரிசோதனைக்குழாய்க் குழந்தை எனப் போற்றப்பட்டது. அச்சாதனையிற் பங்கு கொண்டவர் விஞ்ஞானி ஆனந்தகுமார். பிற்காலத்தில் முகர்ஜியின் கையெழுத்துக் குறிப்புகள் அவர் பார்வைக்கு வந்தன. அவற்றை நுணுகி ஆராய்ந்த ஆனந்தகுமார், அப்பெருமை முகர்ஜிக்கே உரியதென 1997இல் எழுதி வெளியிட்டார். தம் தலையிற் சூட்டப்பட்ட முடியைத் தாமே எடுத்து, மறைந்த ஒருவருக்குச் சூட்டும் மனம் எத்தனை பேருக்கு வாய்க்கும்?

மாணவர்களே, செய்த சோதனையை அன்றன்றே குறித்து வையுங்கள். நாம் பேச இயலாத காலத்தும் அக்குறிப்பேடு நமக்காகப் பேசும். பிறர் உழைப்பை எடைபோடும் பொறுப்பு உங்களுக்கு வாய்க்குமாயின், முதலில் அதனைப் பொறுமையுடன் படித்துப் பாருங்கள்.