எட்டு வாசல்களும் நம் வீடும்

சென்ற மாதம் தாராவியிலிருந்து மூதாட்டி ஒருவர், பள்ளியில் பயிலும் தம் பேரனுடன் நம்மைக் காண வந்திருந்தார். கையில் அரசு அலுவலகம் ஒன்றிலிருந்து வந்த மராத்திக் கடிதம். பேரன் அதைத் தங்கு தடையின்றிப் படித்தான். பொருளும் அவனுக்கு விளங்கிற்று. ஆயினும் அதைப் பாட்டிக்குத் தமிழில் எடுத்துரைக்க அவனிடம் சொற்கள் இல்லை. அவன் நம்மிடம் இந்தியில் கூற, நாம் அம்மூதாட்டிக்குத் தமிழில் கூறினோம். ஒரே வீட்டில் வாழும் இருவருக்கிடையே துபாஷி தேவைப்பட்டது கண்டு நம் நெஞ்சம் நைந்தது.

இதற்குச் சர்க்காரை மட்டும் குறை கூறுதல் நியாயமாகாது. மும்பை மாநகராட்சியின் கல்வி இலாகா மராத்தி, இந்தி, உருது, குஜராத்தி, தமிழ், தெலுங்கு, கன்னடம், ஆங்கிலம் ஆகிய எட்டு மொழிகளில் பள்ளிகள் நடத்தி வருகிறது. பல மொழியினர் கூடிப் பிழைக்கும் நகருக்கு இது பெருமை தரும் ஏற்பாடே. 1956-இல் அரசியல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 350-ஏ பிரிவும், மொழிச் சிறுபான்மைக் குழந்தைகள் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெறுவதற்குப் போதிய வசதிகள் செய்ய மாநில அரசும் உள்ளாட்சி மன்றங்களும் முயல வேண்டும் என்கிறது.

'முயல வேண்டும்' என்னும் சொல்லை அன்பர்கள் ஊன்றி நோக்குக. பிள்ளைகள் குறைந்தால் வகுப்பு குறையும். வகுப்பு குறைந்தால் ஆசிரியரும் குறைவார். பிறகு சட்டப் பிரிவைச் சுட்டி வழக்காடிப் பயன் என்ன?

"மராத்தியும் ஆங்கிலமும் அன்றோ சோறு போடும்?" என்பர் சிலர். மெய்தான். 1964-ஆம் ஆண்டுச் சட்டப்படி மராத்தி இம்மாநிலத்தின் ஆட்சிமொழி. நம்மை வாழவைக்கும் மண்ணின் மொழியைக் கற்பது நம் கடமையுமாகும். ஆனால் 2020-இல் இயற்றப்பட்ட சட்டம், எவ்வழிப் பள்ளியாயினும் பத்தாம் வகுப்புவரை மராத்தியைக் கட்டாயப் பாடமாக்கிவிட்டது. ஆதலால் தமிழ்வழியில் சேரும் பிள்ளை மராத்தியை இழப்பதில்லை.

மேல் வகுப்புகளைக் குறித்துப் பெற்றோர் கொள்ளும் கவலை நியாயமானதே. அதனை ஒருவர் தனித்துச் சென்று முறையிடுவதினும், பலர் ஒன்றுகூடி விண்ணப்பமாக இலாகாவிடம் அளிப்பதே பயன் தரும்.

ஆங்கிலவழியில் ஏற்கெனவே சேர்த்துவிட்டோரை நாம் நிந்திக்கவில்லை. அவர்கள் நாள்தோறும் அரைமணி நேரம் வீட்டில் தமிழ் எழுதப் படிக்கப் பழக்கட்டும், அதுவே போதும்.

ஜூன் மாதத்தில் பள்ளிகள் திறக்குமுன் இதைச் சிந்தியுங்கள். எட்டு வாசல்களில் ஒன்று நமக்காகத் திறந்திருக்கிறது. நுழைவாரற்ற வாசலை எந்த இலாகாவும் நெடுநாள் திறந்து வைத்திராது.