மெலிவும் ஒரு நோயே

நோய் வந்தால் உடம்பு இளைக்கத்தான் செய்யும் என்கிறோம். தறியில் அமர்ந்தால்தான் கூலி என்றிருக்கும் எங்கள் வாலாஜாபாத் போன்ற ஊர்களில் இதனை மிக எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அந்த இளைப்பே ஆளைக் கொல்லும் என்பதை எண்ணுவதில்லை.

காசநோயைப் பொறுத்தவரை தமிழ்நாடு இதனை எண்ணிப் பார்த்தது. 2022இல் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்', நோய் கண்டறிந்தவுடன் எடை, உயரம், கால்வீக்கம், மூச்சின் வேகம், இரத்தத்தில் ஆக்சிஜன், துணையின்றி நிற்க இயலுமா என்பனவற்றைப் பார்க்கச் சொல்கிறது. உடல்நிறை எண் 14க்கு மேற்படாதவர், மருத்துவமனையில் சேர்க்கத்தக்க கடும் நோயாளியாகக் கருதப்படுகிறார். ஜார்க்கண்டில் நோயாளிகளுக்கு உணவுப்பொருள் வழங்கி நடத்திய ஆய்வு 2023இல் வெளியானது. முதல் இரு மாதங்களில் எடை கூடியோரிடையே இறப்பு குறைந்திருந்ததை அது காட்டிற்று.

இவ்வழக்கம் காசநோயோடு ஏன் நிற்க வேண்டும்? எலும்புமுறிவோ, புற்றுநோயோ, அறுவை சிகிச்சையோ, எதற்காகச் சேர்ந்தவராயினும் காய்ச்சல் பார்ப்பதுபோல் எடையும் பார்த்து எழுதப்பட வேண்டும். அண்மையில் மெலிந்தாரா, உணவு செல்கிறதா என்று கேட்கக் கருவி எதுவும் வேண்டியதில்லை. வீட்டிலிருந்து வந்த கஞ்சி பாதியாகத் திரும்பிப் போவதும் நோயின் குறிப்பேட்டில் ஏற வேண்டிய செய்தியே. நெடுநாள் உண்ணாத உடம்புக்கு ஒரேயடியாக ஊட்டுவதும் ஆபத்து. ஆதலின் அளவறிந்து சொல்ல உணவியலாளரும் வேண்டும்.

வள்ளுவரின் 'மருந்து' அதிகாரத்திலேயே பெரும்பாலான குறள்கள் உணவைப் பற்றியவை. மிகுதியை அவர் எச்சரித்தார். நம் மருத்துவமனைகள் குறைவையும் கவனிக்க வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.