உத்தரவாதம் யாருக்கு?

புதிய மோட்டார் சைக்கிளை விற்கும்பொழுது கம்பெனி இரண்டு பொருள்களை விற்கிறது. ஒன்று இரும்பினால் ஆனது. மற்றது காகிதத்தினால் ஆனது. இரும்பு பழுதுபட்டால் காகிதம் காப்பாற்றும் என்பது கம்பெனி கொடுக்கும் வாக்கு. அந்த வாக்கை நம்பியே கமக்காரர் வெங்காயம் விற்ற பணத்தை முற்பணமாகக் கட்டுகிறார். ஆசிரியர் தமது வருங்காலச் சம்பளத்தைத் தவணைக்கு எழுதிக் கொடுக்கிறார். இயந்திரம் பழுதுபட்டு நிற்கும் நாளிலேதான் அந்தக் காகிதத்தின் பெறுமதி வெளிப்படுகிறது. உத்தரவாதம் என்று பெயர் சூட்டப்பட்ட அந்தக் காகிதம் வாங்கியவரைக் காப்பதற்காக எழுதப்பட்டதா, அன்றி விற்றவரைக் காப்பதற்காக எழுதப்பட்டதா என்று நாம் கேட்கிறோம்.

மோட்டார் சைக்கிள் நமது மக்களுக்கு ஆடம்பரப் பொருள் அன்று. விடியுமுன் கத்தரிக்காயும் மிளகாயும் மூட்டை கட்டிச் சுன்னாகத்துக்கும் திருநெல்வேலிக்கும் கொண்டு ஓடும் கமக்காரருக்கு அதுவே வண்டில், அதுவே மாடு. வன்னியின் உட்கிராமப் பாடசாலைகளுக்குச் செல்லும் ஆசிரியருக்கும், வீடு வீடாகச் சென்று தாய்மாரைப் பார்க்கும் குடும்பநல உத்தியோகத்தருக்கும், கிராம அலுவலருக்கும், பால் சேகரிப்பவருக்கும் அதுவே கால். ஒருவருடைய காலை முறித்துப் போட்டுவிட்டு, "மூன்று மாதம் பொறுத்திரும்" என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

நடப்பது என்ன? வாங்கிச் சில மாதங்களே ஆன வண்டியின் இயந்திரத்தில் தட்டும் ஓசை எழுகிறது, புகை வருகிறது, ஒருநாள் நடுவீதியில் இறுகி நின்றுவிடுகிறது. லான்ட்மாஸ்டர் பெட்டியில் ஏற்றி நகரத்து முகவரிடம் கொண்டுபோகிறார்கள். உத்தரவாதத்தில் உள்ள இயந்திரத்தைத் திறக்கத் தமக்கு அதிகாரம் இல்லையென்றும், கொழும்பிலிருந்து கம்பெனியின் ஆள் வரவேண்டும் என்றும் முகவர் சொல்கிறார். ஆள் வர இரண்டு வாரம். வந்தவர் திறந்து பார்த்து, படம் பிடித்து, அறிக்கை அனுப்புகிறார். அறிக்கைக்கு அனுமதி வர இன்னும் இரண்டு வாரம். அனுமதி வந்த பின்னர் உதிரிப்பாகம் கையிருப்பில் இல்லை. உதிரிப்பாகம் வந்து சேரும்பொழுது அது வேறு மாதிரி வண்டிக்குரியதாக இருக்கிறது. சம்பவங்கள் ஆளுக்காள் சிறிது வேறுபடலாம். ஆனால் வாங்கியவர் வாரந்தோறும் பேருந்தேறிச் சென்று, "இன்னும் வரவில்லை" என்ற ஒரே விடையோடு திரும்பிவருவது மட்டும் எங்கும் மாறுவதில்லை.

இந்த மூன்று மாதத்துக் கணக்கை எழுதிப் பார்ப்போம். விற்றவருக்கு முழுப் பணமும் ஆரம்பத்திலேயே கிடைத்துவிட்டது. நிதிக் கம்பெனிக்குத் தவணை தவறாமல் கிடைக்கிறது. தவறினால் தண்டமும் சேர்ந்து கிடைக்கிறது. வண்டியின் பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்று பெயர் எழுதிவைத்திருப்பது அந்த நிதிக் கம்பெனியே. எனினும் பழுதைப் பற்றி அது ஒரு வார்த்தை கேட்பதில்லை. காப்புறுதிக்கும் வருமான அனுமதிப்பத்திரத்துக்கும் கட்டிய பணம், ஓடாத வண்டிக்கும் நாள்தோறும் கரைகிறது. கமக்காரரோ ஆட்டோவுக்குக் கூலி கொடுத்து, சந்தை கலையும் நேரத்தில் போய்ச் சேர்ந்து, கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறார். ஆக, தாமதத்தினால் வாங்கியவரைத் தவிர வேறெவருக்கும் ஒரு சதம் நட்டமில்லை. தாமதிப்பவருக்குத் தாமதத்தினால் நட்டம் வராத இடத்தில் தாமதம் ஒருநாளும் குறையாது. நோயின் மூலம் இதுவே. மற்றவை யாவும் அதன் குறிகள்.

இனிக் கம்பெனிகள் சொல்லும் சாட்டுக்களைப் பார்ப்போம்.

"ஒயில் மாற்றவில்லை; ஆகவே உத்தரவாதம் செல்லாது" என்பது முதற் சாட்டு. ஒயில் மாற்றாமல் வண்டி ஓட்டுபவர்கள் நம்மிடையே இல்லையென்று நாம் வாதிடவில்லை. நிமிடத்துக்கு 6,000 சுற்றுச் சுழலும் இயந்திரத்தில் பிஸ்டன் செக்கனுக்கு 100 தடவை மேலும் கீழும் ஓடுகிறது. அதைக் காப்பது ஏறத்தாழ ஒரு லீற்றர் ஒயில் மட்டுமே. நமது வீதிகளில் ஓடும் நான்கு வீச்சு மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றில் இயந்திரம், கிளச், கியர் மூன்றையும் நனைப்பது அந்த ஒரே ஒயில்தான். காருக்குரிய ஒயிலை ஊற்றினால் கிளச் வழுக்கக்கூடும் என்பதும் உண்மை. ஆனால் குற்றம் யாருடையது என்பதை இயந்திரமே சொல்லும். ஒயில் வற்றி ஓடிய இயந்திரத்தில் தேய்வு பல இடங்களிலும் இருக்கும். ஒயில் சுத்தமாகவும் அளவாகவும் இருக்க, ஒரே ஓரிடம் மட்டும் உராய்ந்து எரிந்திருக்குமானால், அந்த இடத்துக்கு ஒயில் போய்ச் சேரவில்லை என்பது பொருள். பம்பி பழுது, அல்லது ஒயில் வழி அடைப்பு என்று சந்தேகிக்க வேண்டும். அதற்கு வாங்கியவர் எவ்வாறு பொறுப்பாவார்? ஒற்றைச் சிலிண்டர் இயந்திரத்தைத் திறந்து இதைப் பார்க்கக் கைதேர்ந்த மெக்கானிக் ஒருவருக்கு ஒரு பகல் போதும். ஒரு பகலில் தெரியக்கூடிய உண்மைக்கு ஒரு மாதம் ஏன்?

"டொலர் இல்லை, உதிரிப்பாகம் வரவில்லை" என்பது இரண்டாவது சாட்டு. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதையும், 2022இல் நாடு வங்குரோத்து நிலையை அடைந்ததையும் நாம் மறக்கவில்லை. பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற மக்கள் அந்தக் காலத்தில் அந்தச் சாட்டைப் பொறுத்துக்கொண்டார்கள். ஆனால் 2025இல் வாகன இறக்குமதிக்குக் கதவு மீண்டும் திறந்துவிட்டது. முழு வண்டியை ஏற்றிவரும் கப்பலில் ஒரு பிஸ்டனுக்கு இடமில்லையா? விற்பதற்கு டொலர் உண்டு, திருத்துவதற்கு டொலர் இல்லை என்பதை எவர் நம்புவார்?

"கொழும்பின் அனுமதி வேண்டும்" என்பது மூன்றாவது சாட்டு. யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையே ஏறத்தாழ 400 கிலோமீற்றர். அந்தத் தூரத்தை முன்னர் இரயில் கடந்தது. இப்பொழுது கைத்தொலைபேசியில் அனுப்பும் படம் கண்மூடித் திறக்குமுன் கடக்கிறது. தூரம் ஒரு காரணமே அன்று. விற்கும் அதிகாரத்தை யாழ்ப்பாணத்துக்கும் கிளிநொச்சிக்கும் மட்டக்களப்புக்கும் தாராளமாகக் கொடுக்கும் கம்பெனிகள், திருத்தும் அதிகாரத்தை மட்டும் தலைநகரில் பூட்டி வைத்திருக்கின்றன. பணம் வாங்கும் கை இங்கே நீள்கிறது. பொறுப்பேற்கும் கை அங்கேயே மடங்கிக் கிடக்கிறது.

திருத்தத் தெரிந்தவர் நம்மிடம் இல்லை என்று எவரும் சொல்லத் துணிய வேண்டாம். 1990களில் பொருளாதாரத் தடை குடாநாட்டை நெரித்தபொழுது, ஒரு சொட்டுப் பெற்றோலைக் காட்டிக் கிளப்பி, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளை ஓடவைத்தவர்கள் நமது மெக்கானிக்குகள். உதிரிப்பாகம் இல்லாத காலத்தில் கடைந்தும் ஒட்டியும் இயந்திரங்களுக்கு உயிர் கொடுத்தார்கள். எதுவும் இல்லாத காலத்தில் ஓடிய வண்டி, எல்லாம் உள்ள காலத்தில் கம்பெனியின் கராஜில் தூசி படிந்து நிற்கிறது. குறை கைகளில் இல்லை. அந்தக் கைகளைக் கட்டிவைத்திருக்கும் நிபந்தனைகளிலேயே இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது? இங்கிலாந்தின் 1893ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பின்பற்றி 1896இல் நமக்குப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் வந்தது. வாங்குபவர் பரிசோதித்த பொருளில், பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்கு விற்றவர் பொறுப்பல்லர் என்பது அதன் நியாயம். இயந்திரத்தின் உள்ளே இருக்கும் குறையை எந்தக் கண்ணால் கண்டுபிடிப்பது? இங்கிலாந்து தன் சட்டத்தை மாற்றிக்கொண்டது. அங்கே 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டத்தின்படி, திருத்தம் நியாயமான காலத்துக்குள், வாங்கியவருக்குப் பெருஞ் சிரமம் இல்லாமல் நடைபெற வேண்டும். ஒருமுறை திருத்தியும் சரிவராவிட்டால் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையும் உண்டு. ஆசான் பாடத்தைத் திருத்திக்கொண்டார். மாணாக்கர் பழைய ஏட்டையே பிடித்திருக்கிறோம்.

நமக்கும் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அதிகாரசபைச் சட்டம் உண்டு. உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருளை விற்றவர், விசாரணையின் பின்னர் நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ கட்டளையிடப்படுவார் என்று அதன் 13ஆம் பிரிவு கூறுகிறது. கேட்க இனிமைதான். ஆனால் அதே பிரிவு, முறைப்பாட்டை விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்றும் கூறுகிறது. உத்தரவாதமோ ஆண்டுக் கணக்கில் எழுதப்படுகிறது. நான்காம் மாதத்தில் இயந்திரம் பழுதுபட்டால் காகிதத்தில் உத்தரவாதம் உண்டு; அதிகாரசபையின் வாசலில் இடமில்லை. பாலைக் காட்டிப் பூனையைக் கட்டிவைப்பது போன்றது இது.

நமது வீதிகளில் ஓடும் மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவை இந்தியாவில் பிறந்தவை. இந்தியாவின் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் கொடுக்கிறது; தாம் வாழும் மாவட்டத்திலேயே முறையிடும் உரிமையையும் கொடுக்கிறது. ஒரே தொழிற்சாலையில் பிறந்த இரு வண்டிகளில் ஒன்று தஞ்சாவூருக்கும் மற்றது கிளிநொச்சிக்கும் போகின்றன. தஞ்சாவூர் உழவருக்கு இரண்டு ஆண்டு. கிளிநொச்சிக் கமக்காரருக்கு மூன்று மாதம். கடலைக் கடந்ததும் இயந்திரத்தின் தரம் மாறிவிட்டதா, அல்லது மனிதரின் பெறுமதி குறைந்துவிட்டதா?

ஆகவே நாம் கேட்பவை இவை. முதலாவது, முறைப்பாட்டுக்குரிய காலம் விற்பனை நாளிலிருந்து அன்றி, பழுது தெரிந்த நாளிலிருந்து எண்ணப்பட வேண்டும். இரண்டாவது, உத்தரவாதத் திருத்தம் 30 நாளுக்குள் முடிய வேண்டும். முடியாவிட்டால் மாற்று வண்டி கொடுக்க வேண்டும். மூன்றாவது, வண்டி கராஜில் கிடந்த ஒவ்வொரு நாளும் உத்தரவாதக் காலத்துடன் சேர்க்கப்பட வேண்டும். இவை வானத்து வில்லை வளைக்கும் கோரிக்கைகள் அல்ல. 30 நாள் எல்லையையும் காலத்தைச் சேர்த்துக் கொடுப்பதையும் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 1970ஆம் ஆண்டு இயற்றிய சட்டத்தின் வழியே ஏற்றுக்கொண்டிருக்கிறது. நான்காவது, 30 நாளுக்கு மேற்பட்ட தாமதத்துக்குரிய தவணையை விற்ற கம்பெனியே சுமக்க வேண்டும். அன்றுதான் கப்பலில் பிஸ்டனுக்கு இடம் பிறக்கும். ஐந்தாவது, உத்தரவாத நிபந்தனைகள் தமிழில் அச்சிடப்பட வேண்டும். 1987ஆம் ஆண்டிலிருந்து தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. தமிழருடைய பணத்தை எண்ணத் தெரிந்த கம்பெனிக்குத் தமிழருடைய எழுத்தை அச்சிடத் தெரியாதா?

சட்டம் மாறும்வரை கைகட்டி நிற்பதும் தகாது. ஒவ்வொரு சேவிஸின் பற்றுச்சீட்டையும், ஒயில் வாங்கிய சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். வண்டியை ஒப்படைக்கும் நாளில் திகதியும், ஓடிய கிலோமீற்றரும், குறையும் எழுதிய வேலைச்சீட்டைக் கையொப்பத்துடன் பெற்றுக்கொள்ளாமல் திரும்பாதீர்கள். வாய்ப்பேச்சை நம்பாது, கேள்வியை எழுத்தில் கேளுங்கள். மறுப்பையும் எழுத்தில் கேளுங்கள். படித்த சட்டத்தரணிகளும் பொறியியலாளரும் தத்தம் ஊர்க் கமக்காரர் அமைப்புக்கு மாதத்தில் ஒரு மாலைப்பொழுதைக் கொடுத்தால், தனித்தனியே விரட்டப்படும் நூறுபேர் ஒரே குரலில் கேட்கும் நூறுபேராக மாறுவார்கள். ஒருவரைக் கம்பெனி அலைக்கழிக்கலாம். ஊரை அலைக்கழிக்க முடியாது.

கம்பெனிகளுக்கு நாம் சொல்லுவது ஒன்றே. வாக்குக் கொடுத்து விற்றீர்கள்; அந்த வாக்குக்கும் சேர்த்தே விலை வாங்கினீர்கள். இரும்பைக் கொடுத்தாயிற்று. இனி வாக்கையும் கொடுங்கள்.