டிப்ரஸிங்: அழுத்தியது யார்?

பஞ்சமி நில வரலாறு படிக்கும் மாணவத் தோழர்கள் பலர் சொல்வது இது: "படிக்கப் படிக்க ரொம்ப டிப்ரஸிங்கா இருக்கு." சோர்வு தருகிறது என்பது பொருள். ஆனால் இதே வேர்ச்சொல்லில்தான் நமக்கு ஒரு பெயரையே வைத்தார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

'டிப்ரஸ்' என்றால் கீழே அழுத்துவது. அழுத்தப்படுவது மனம் என்றால் சோர்வு. மக்கள் என்றால் 'டிப்ரஸ்டு கிளாஸ்'. பஞ்சமி நிலத்தை 'டி.சி. நிலம்' என்று சொல்வது அதனால்தான்.

இந்தச் சொல்லில் ஒரு சூது இருக்கிறது. அழுத்தப்பட்டவர் தெரிகிறார், அழுத்தியவர் தெரிவதில்லை. செங்கல்பட்டில் ஆட்சியராக இருந்த திரமென்கீர் 1891இல் எழுதிய அறிக்கை அழுத்தியவர்களைக் காட்டியது. தரிசு நிலம் கேட்டு நம் மக்கள் மனு போட்டாலும் மிராசுதாருக்கே முன்னுரிமை. குடிசை போட்ட இடம்கூடச் சொந்தமில்லை. அந்த அறிக்கையைத் தொடர்ந்துதான் 1892இல் நிலம் ஒதுக்கும் அரசாணை வந்தது.

இதே மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், 1893இல் தன் இதழுக்குப் 'பறையன்' என்றே பெயர் வைத்தவர். இழிவாகச் சொன்ன பெயரை நிமிர்ந்து எடுத்துக்கொண்டார். அவரும் அம்பேத்கரும் 1931இல் வட்டமேசை மாநாட்டுக்குக் கொடுத்த மனுவில், 'டிப்ரஸ்டு கிளாஸஸ்' என்ற பெயரை மாற்றக் கேட்டார்கள். நாமே எடுத்துக்கொண்ட பெயர் வேறு, பிறர் ஒட்டிய பரிதாபம் வேறு.

மாமல்லபுரத்தை அடுத்த காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடியபோது, 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள். இதையும் 'டிப்ரஸிங்' என்று சொல்லி மூடிவிட்டால், சுட்டவரும் நிலத்தை வாங்கியவரும் விற்றவரும் பதிந்தவரும் வாக்கியத்திலிருந்து தப்பிவிடுகிறார்கள். நம் மனநிலை மட்டுமே மிஞ்சுகிறது.

சோர்வு வரும், அது குற்றமில்லை. ஆனால் வாக்கியத்தை அங்கே முடிக்காதீர்கள். பஞ்சமி நிலத்தை முதல் பத்து ஆண்டுகள் விற்கக் கூடாது. அதன் பிறகும் பட்டியல் சாதியினருக்கு மட்டுமே விற்கலாம். மீறினால் அரசு திரும்ப எடுக்கலாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மனை விலை ஏறும் ஒவ்வொரு ஊரிலும் இந்த நிபந்தனையைக் கையில் வைத்துக்கொண்டு, பழைய 'அ' பதிவேட்டையும் வில்லங்கச் சான்றையும் எடுத்துப் பாருங்கள். யார் விற்றது, யார் வாங்கியது, யார் பட்டா மாற்றிக் கொடுத்தது என்று கேளுங்கள்.

'அழுத்தப்பட்டோம்' என்பது பாதி வாக்கியம்தான். எழுவாயைத் தேடி எழுதுவது நம் வேலை.